போசியில் வெட்டிய பெயர்

அந்தத் தூக்குப்போசியின் மூடியில் இருந்தது என் பெயர் இல்லை. என் கொழுந்தியாளின் பெயர். கணவரின் தங்கை அவள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஆயிரமாவது பம்ப் விழா’ என்று ஒரு வரி வெட்டியிருந்தது. அதற்கும் கீழே அவள் வேலை செய்த கம்பெனியின் பெயர். என்னுடைய போசிக்குக் கைப்பிடி கழன்றுவிட்டதால் கொஞ்ச நாள் நான் அதில்தான் மத்தியானச் சோறு கொண்டுபோனேன். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது மூடியைப் படித்திருக்கிறாள். மறுநாளிலிருந்து அந்தப் பெயரோடு ‘அக்கா’ சேர்த்து என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். அது என் பெயர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் கேட்டுச் சிரித்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. “ஏனுங்க்கா, மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்று அவள் கேட்டதற்கும் நான் சிரித்து மழுப்பினேன். கழுவி வைக்கும்போது அந்தப் பெயரின் மேல் மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன். வெட்டிய எழுத்து தேயாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தேய்ப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகிக் காங்கேயத்துப் பக்கத்திலிருந்து கோயமுத்தூர் வந்தவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஆவாரம்பாளையத்தில் ஒரு சந்து முழுக்கப் பம்ப் செட் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகள். அதில் ஒன்றில் காயில் சுற்றும் வேலைக்குப் போனேன். பம்ப் மோட்டாருக்குள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்தான் காயில். அதைச் சுற்றி, வரிசை பிசகாமல் இரும்புக் கூட்டுக்குள் செருகி, நூலால் கட்டிக் கொடுக்க வேண்டும். பெண்கள்தான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வோம். என் கொழுந்தியாள் பள்ளிக்கூடம் முடித்ததும் அதே சந்தில் அதே வேலைக்கு வந்தாள். ஆனால் எங்கள் கம்பெனிக்கு இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனிக்கு. இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஹாலோபிளாக் சுவர். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி வழியாகத்தான் என் பொறாமை எல்லாம் இறங்கி வந்தது.

அந்தப் பக்கத்து ஓனருக்கு எதைக் கண்டாலும் கொண்டாட வேண்டும். புது லேத் மெஷின் வந்தால் லட்டு. கேரளாவுக்கு முதல் லோடு போனால் லாரிக்கு மாலை, டிரைவருக்குத் துண்டு. வேலைக்கு வந்து அஞ்சு வருஷம் ஆனவருக்குப் பெயர் வெட்டிய குடம். வாடகை மைக் செட் ஒன்று அந்தக் கம்பெனியிலேயே குடியிருக்கிறதோ என்று தோன்றும். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்ற சத்தம் கேட்டாலே எங்கள் பக்கம் எல்லார் கையும் ஒரு நிமிஷம் நின்றுபோகும். அப்புறம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். ஊர் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் சேர்த்து, நிறுத்தி, நீட்டி. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டு. என் கொழுந்தியாளின் பெயர் அந்த மைக்கில் வரும்போது நான் கம்பியை எண்ணிக்கொண்டிருப்பேன். சுற்று எண்ணிக்கை தப்பிவிடும். பிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சுற்றுவேன்.

எங்கள் ஓனர் கெட்ட மனுஷர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்றாலும் “போயிட்டு வாங்க, வேலை எங்கீங்க ஓடிப்போகுது” என்று அனுப்பிவிடுவார். பெண்கள் எல்லாரையும் ‘அம்மணி’ என்றுதான் கூப்பிடுவார், மரியாதையாக. ஆனால் சத்தம் போட்டு எதையும் சொல்ல அவருக்கு ஆகாது. அந்தப் பக்கம் பாட்டும் கைதட்டும் கிளம்பினால், “சத்தத்துலயா பம்பு ஓடுது? வேலையப் பாருங்க” என்று சொல்லிவிட்டு மேசையில் தலையைக் குனிந்துகொள்வார். எங்கள் பம்ப்பும் கேரளாவுக்குப் போயிற்று. முதல் லோடு ஏறிய அன்று நாங்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றோம். லாரி சந்து முனை திரும்பும் வரை ஓனரும் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “கேட்டச் சாத்திப்போடுங்க, நாய் வந்துரும்” என்றார். உள்ளே போய்விட்டோம்.

அந்த ஆயிரமாவது பம்ப் விழாவை நான் மறக்கவே முடியாது. அன்றைக்குப் பக்கத்து ஓனர், கிணத்துக்கடவுப் பக்கமிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரரைக் கூட்டி வந்து மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். அவருக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினார். “ஏனுங்க, நானு பேசோணும்னு வர்லீங்க. பாக்கோணும்னுதான் வந்தனுங்க. மூணு வருசமா மழ இல்ல. கெணறு அடியில கெடக்குது. இவிய செஞ்ச பம்புலதானுங்க எங்க தென்ன பொழச்சுது. யாரு செஞ்சாங்கன்னு பாக்கோணும்னு ஒரு ஆச, அவ்வளவுதானுங்க” என்றார். பிறகு கைதட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை மாதிரி விழுந்தது.

அன்று வரை நான் சுற்றிய காயில்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அதில் ஒன்றாவது எங்கேயாவது தண்ணீர் இறைத்ததை நான் கண்ணால் பார்த்ததில்லை. யாரும் வந்து சொன்னதும் இல்லை. காலையில் கம்பி வரும், சாயங்காலம் சுருளாகிப் போகும், மறுநாள் மறுபடி கம்பி. செவ்வாய்க்கும் புதனுக்கும் வித்தியாசம் தெரியாது. என் கொழுந்தியாளும் அதே கம்பியைத்தான் சுற்றினாள். என் அளவுக்கு வேகம்கூட அவளுக்கு வராது. ஆனால் அவள் செய்த வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தென்னந்தோப்பு அவளைத் தேடி வந்துவிட்டது. தொழில் நடத்துகிறவர்கள் விழா எதற்கு, வீண் செலவு, வீண் நேரம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோப்புக்காரர் குரல்தான் கேட்கும். அலறும் ஒலிபெருக்கியும் வாங்கித் தரும் லட்டும் பெரிய விஷயமில்லை. உள்ளே குனிந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு, தன் கையை விட்டுப் போன பொருள் உருப்படியாக எங்கோ போய்ச் சேர்ந்தது என்று ஒரு நாளாவது தெரிய வேண்டும். சம்பளக் கவரில் அந்தச் சேதி இருக்காது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே விழாதான். கொழுந்தியாள் அந்தத் தூக்குப்போசியைக் கூடத்து நடுவில் வைத்துக்கொண்டு, தோப்புக்காரர் மாதிரியே கத்திப் பேசிக் காட்டினாள். என் கணவரும் மாமியாரும் சிரித்தார்கள். “உங்களுக்குக் கேட்டுதுங்களா நங்கை?” என்று என்னிடம் கேட்டாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். “மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல” என்றேன். ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தது. அவள் ஒரு லட்டை எனக்கென்று தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். லட்டு நன்றாக இருந்தது. அதுவும் எனக்கு எரிந்தது.

அடுக்களை அலமாரியில் அவள் பெயர் வெட்டிய பாத்திரங்கள் கூடிக்கொண்டே போயின. குடம், தூக்குப்போசி, இரண்டு டம்ளர், ஒரு சாப்பாட்டுத் தட்டு. தண்ணீர் குடித்தால் அவள் பெயர், சோறு தின்றால் அவள் பெயர். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில், நான் செய்த வேலைக்காக, என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட வேண்டும். நகையோ புடவையோ வேண்டியதில்லை. இதைக் கணவரிடம் சொல்லக்கூட எனக்குக் கூச்சம். சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

எங்கள் கம்பெனிக்குப் பதினைந்து வருஷம் ஆகப்போகிறது என்று லேத் அண்ணன் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். ஆரம்பத்திலிருந்தே லேத் ஓட்டுகிறவர் அவர். ஓனரிடம் கிண்டலாகப் பேசும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு. அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. ஓனரிடம் கேட்டுவிட வேண்டும். ஒரு மத்தியானம் துணிந்து எழுந்து அவர் மேசை முன்னால் போய் நின்றேன். “என்னங்க அம்மணி, கம்பி தீந்துபோச்சுங்களா?” என்றார். “ஆமாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் கம்பி வந்தது. அடுத்த வாரம் மறுபடி போய் நின்றேன். மறுபடி அதே கேள்வி, அதே பதில், மறுபடி கம்பி. இப்படியே போய் என் இடத்துக்குப் பக்கத்தில் கம்பி உருளைகள் இடுப்புயரத்துக்கு அடுக்கிவிட்டன. கடைசியில் ஓனரே குழம்பிப்போய், “ஏனுங்க, இந்த அம்மணி கம்பியத் திங்கறாங்களா என்ன?” என்று லேத் அண்ணனிடம் கேட்டார். என் மனசில் இருந்ததைப் பக்கத்தில் இருந்த பெண்களிடம் நான் கொஞ்சம் சொல்லியிருந்தேன். அது லேத் அண்ணன் காதுக்கும் போயிருந்தது. “அந்தப் புள்ளைக்குக் கம்பி வேண்டாமுங்க. விழா வேணுமாமுங்க” என்றார் அவர், லேத்தை நிறுத்தாமலே.

நான் தலையை நிமிர்த்தவே இல்லை. “விழாவா? எதுக்குங்க? இப்ப என்ன கெட்டுப்போச்சு?” என்று ஓனர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அதற்குப் பின் சில நாள் அவர் யோசனையாகவே திரிந்தார். பக்கத்துக் கம்பெனி வாசல் வழியாகப் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். பிறகு ஒரு காலையில் எல்லார் முன்னாலும் வந்து நின்று, “செரி, செஞ்சுபோடலாமுங்க” என்றார். என்ன, எப்போது என்று எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த வாரம் எங்கள் பட்டறையில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. வேலை என்னவோ குறையவில்லை. சொல்லப்போனால் கூடுதலாகவே நடந்தது. அதை நான் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தேன்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். ஓனர் வீட்டம்மா கேசரி கிளறிக் கொண்டுவந்திருந்தார். மிக்சர், வாழைப்பழம். மைக் இல்லை. ஓனர் எழுந்து நின்றார், வேட்டியைச் சரி செய்தார், எங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “பதனஞ்சு வருசம் ஆயிப்போச்சு. எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க” என்றார். அவ்வளவுதான் பேச்சு. லேத் அண்ணன் ஒருவராகவே கைதட்டினார். பிறகு ஓனர் ஒரு சாக்குப்பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து, வெற்றிலை பாக்கோடு ஒவ்வொருவரிடமும் இரண்டு கையாலும் நீட்டினார். பெயர் எதுவும் சொல்லவில்லை. “வாங்கிக்கங்க, வாங்கிக்கங்க” என்று மட்டும் சொன்னார். அதனால் என்ன, உள்ளே இருக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தாளுக்கு மேலாகவே விரலால் தடவிப் பார்த்தேன். கனமான போசி. விளிம்புக்குக் கீழே எழுத்து நெருடியது. உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விரலை அங்கேயிருந்து எடுக்கவில்லை.

வீட்டில் எல்லாரும் பார்க்கும்படி கூடத்தில் உட்கார்ந்துதான் பிரித்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு காரியத்தை நான் செய்தது அதுதான் முதல் தடவை. ‘அன்பளிப்பு’ என்று பெரிதாக வெட்டியிருந்தது. அதற்குக் கீழே, இன்ஷியலோடு, எங்கள் ஓனரின் பெயர். திருப்பிப் பார்த்தேன். அடியில் பார்த்தேன். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். வேறு எழுத்து இல்லை.

கொழுந்தியாள்தான் முதலில் சிரித்தாள். “நங்கை, யாரு கண்ணாலத்துக்குங்க போயிட்டு வந்தீங்க?” எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாத்திரம் கொடுத்தால் கொடுக்கிறவர் பெயரைத்தான் வெட்டுவார்கள். ஓனருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். பாத்திரக் கடையில் போய் நின்று, கல்யாணத்துக்குச் சொல்லுவதைப் போலவே எங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கொழுந்தியாள் போசியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. தன் தூக்குப்போசியையும் எடுத்து இரண்டு கையிலும் நிறுத்துப் பார்த்தாள். “ஆனாப் பாருங்க நங்கை, எங்க ஓனரு குடுக்கறதெல்லாம் தகரமாட்ட இருக்குது. இது கல்லாட்ட இருக்குது. நல்ல வெலையாயிருக்கும்” என்றாள். அவள் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. எனக்கு அது போதவில்லை. மாமியார் இரண்டு பேரிடமிருந்தும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, “பேருலயா பருப்பு வேகுது? நாளைக்கு இதுல வெச்சுப்போடலாம்” என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பட்டறையில் எல்லார் முகமும் ஒரே மாதிரி இருந்தது. வழக்கம்போல் லேத் அண்ணன்தான் ஆரம்பித்தார். “ஏனுங்க, ஒரே நாள்ல எங்க அத்தன பேருக்கும் கண்ணாலம் பண்ணி வெச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது?”

ஓனருக்குப் புரியவில்லை. “என்னங்க சொல்றீங்க?”

“போசில உங்க பேருதானுங்களே போட்டிருக்குது.”

“குடுக்கறவன் பேருதானுங்க போடோணும்? பின்ன யாரு பேரப் போடறது?”

“வாங்கறவங்க பேருங்க. அக்கட்டால, பக்கத்துக் கம்பெனியில அப்படித்தான் போடறாங்க.”

ஓனர் உண்மையாகவே யோசித்தார். “அதெதுக்குங்க? உங்க பேரு உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் குனிந்து சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் இத்தனை வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், மனசுக்குள். என் பெயர் எனக்குத் தெரியுமுங்க. அது உங்களுக்குத் தெரியுமா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். நாள் முழுக்க உங்கள் ஷெட்டில் குனிந்து உட்கார்ந்திருக்கிற பத்து அம்மணிகளில் நான் எந்த அம்மணி என்று, ஒரு நாளாவது, கடைக்காரனிடம் எழுத்தெழுத்தாகச் சொல்லி வெட்டச் சொல்லும் அளவுக்காவது, நீங்கள் நினைத்துப் பார்த்தீர்களா என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் விழா. மற்றதெல்லாம் கேசரி.

சிரிப்பு அடங்கிய பிறகு ஓனரின் முகம் சுருங்கிப்போனது. “செரிங்க, திங்கக்கெழம எல்லாரும் கொண்டாந்து குடுங்க. நான் கொண்டுபோயி மாத்தி வெட்டிட்டு வாரேன்” என்றார். அவ்வளவு பாத்திரத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு டவுன்ஹால் பாத்திரக் கடை வரைக்கும் பஸ்ஸில் போய், கடைக்காரனிடம் தன் தப்பைச் சொல்லி நிற்கும் அவரை நினைத்துப் பார்த்தோம். ஒருத்தர்கூடக் கொண்டுவரவில்லை. “வேண்டாமுங்க, இதே நல்லாத்தான் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டோம். அதற்கப்புறம் அவரும் விழா என்ற பேச்சை எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பக்கத்துக் கம்பெனி இன்னொரு ஷெட் போட்டது. காயில் சுற்ற ஆள் வேண்டும் என்று கொழுந்தியாள் சொன்னாள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் போய்விட்டேன். எங்கள் ஓனரிடம் சொல்லப் போய் நின்றபோது, பழக்கத்தில் “கம்பிங்களா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். எங்கே போகிறேன் என்று அவருக்கே புரிந்துவிட்டது. சுவரைப் பார்த்துவிட்டு, “அவரு பேசறதக் கேட்டா எனக்கும் நல்லாத்தானுங்க இருக்கும். நமக்கு அந்த மாதிரி வர்றதில்லீங்க அம்மணி. போயிட்டு வாங்க” என்றார். இத்தனை வருஷமும் அந்த இடைவெளி வழியாக அவரும் என்னைப் போலவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே ஷெட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்துக்காகப் புழுங்கியிருக்கிறோம், வாயைத் திறக்காமல்.

புது இடத்தில் எனக்கு முதல் விழா, அந்தக் கம்பெனி தொடங்கிய நாள். வாசலில் பந்தல், வாழைமரம், மைக் செட். அந்த வருஷம் நன்றாக வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார்கள் என்றும் அதில் என் பெயரும் இருக்கிறது என்றும் கொழுந்தியாள் முன்கூட்டியே காதில் போட்டுவிட்டாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன். மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். பிறகு என் பெயர் வந்தது. கணவர் பெயர், காங்கேயம், எல்லாம் சேர்த்து, நிறுத்தி, நீட்டி. ஒலிபெருக்கியில் என் பெயர் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அது யாரோ வேறொருத்தியின் பெயர் மாதிரி இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கால் இரண்டும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி கூப்பிட்டார்கள். “எந்திரிங்கக்கா” என்று யாரோ முதுகில் தட்டினார்கள். நான் இன்னும் குனிந்துகொண்டேன். புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை கூப்பிடும்போது கொழுந்தியாள் எழுந்துவிட்டாள். “எங்க நங்கைங்க. கூச்சப்படறாங்க. நான் வாங்கிக்கறனுங்க” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மேடைக்குப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள், அன்பாகத்தான். ஓனர் அவள் கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தார். என் பெயர் வெட்டிய தட்டு. போட்டோக்காரர் நிற்கச் சொன்னார். அவள் தட்டை நெஞ்சுக்கு நேராக, பெயர் தெரியும்படி பிடித்துக்கொண்டு அழகாகச் சிரித்தாள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி ஆபீஸில் மாட்டினார்கள். நான் அங்கே வேலை செய்த காலம் முழுக்க அது அங்கே தொங்கியது. என் பெயர், அவள் முகம்.

அன்று பஸ்ஸில் அவள் தட்டை என் மடியில் வைத்தாள். “உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதானுங்க நங்கை எந்திரிச்சேன்” என்றாள். நிஜமாகவே அதற்காகத்தான் எழுந்தாள். “நல்லதுதான்” என்றேன். எனக்கு அழுகை வந்தது. பாத்திரத்துக்கும் பெயருக்கும் நான் பொறாமைப்பட்டது போய், அன்றிலிருந்து அவள் நடந்துபோன அந்த நாலடி தூரத்துக்குப் பொறாமைப்பட ஆரம்பித்தேன். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நடக்கிற கால் அவளுக்கு இருந்தது. அதை எந்தக் கம்பெனியும் வெட்டித் தர முடியாது.

இப்போது அவளுக்குப் பேரன் இருக்கிறான். கல்யாணமாகிப் போகும்போது அவள் பெயர் போட்ட பாத்திரங்கள் எல்லாம் சீரோடு போய்விட்டன. நான் சொந்தமாக ஒரு சின்ன இடம் எடுத்து, கிரைண்டர் மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கொடுக்கிறேன். ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். முதல் ஆர்டர் முடிந்த நாள், ஒவ்வொருத்திக்கும் வருஷம் நிறையும் நாள் எதையும் நான் விடுவதில்லை. பாத்திரக் கடையில் நானே நின்று ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி வெட்டி வாங்குகிறேன். ஆனால் மைக் வைப்பதில்லை, கூட்டம் கூட்டுவதில்லை. அவரவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய், பக்கத்தில் குனிந்து, பெயரைச் சொல்லி, கையில் கொடுத்துவிட்டு வருவேன். யாருக்கும் கால் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று நானே யோசித்துக் கண்டுபிடித்த முறை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன மாதம் ஒரு பெண்ணுக்கு அஞ்சு வருஷம் நிறைந்தது. வழக்கம்போல் அவள் இடத்துக்குப் போய்க் குடத்தைக் கொடுத்தேன். அவள் பெயரைத் தடவிப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏனுங்க்கா, இத எல்லாருக்கும் முன்னால கூப்ட்டுக் குடுத்திருக்கலாமில்லீங்க? திருட்டுப் பொருள் குடுக்கறாப்புல குடுக்கறீங்க?” என்றாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து, குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, “எல்லாரும் இங்க பாருங்கடி” என்று கத்திக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் போய்த் தன் பெயரைப் படிக்கச் சொன்னாள். அவர்களும் வேலையை விட்டுவிட்டுச் சத்தமாகப் படித்தார்கள், கைதட்டினார்கள். நான் அவள் காலியாக விட்டுப்போன நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அவள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் கைதட்டினேன். வயிறு மட்டும் பழையபடியே எரிந்தது.